பதினெட்டு டிகிரிக் கொல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், மாடியில், ‘ஏற்றுமதி வேளாண் தொழில்கள் மீதான காலநிலைத் தாக்க மதிப்பீட்டு நடுவம்’ இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். அதனால் ‘நடுவம்’ மட்டும் கண் ஆஸ்பத்திரியின் சுவரில் மாட்டியிருக்கும். அதை எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த மனு இன்னும் மதிப்பீட்டில் இருக்கிறது.

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பழனிவேல் அந்த மாடிப்படியில் ஏறினான். கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று. பைக்குள் கருகிய முந்திரிப்பூ. பண்ருட்டிக்குக் கிழக்கே அவனுக்கு இரண்டு ஏக்கர் முந்திரிக்கொல்லை, எண்பத்திரண்டு மரம். ‘தானே’ புயலில் பழைய மரமெல்லாம் சாய்ந்த பிறகு அவனும் அவன் மனைவி புஷ்பவள்ளியும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. இந்த வருஷம் நாலு நாள் மூடுபனி இறங்கியது. அது போதாதென்று காலம் தப்பி ஒரு மழை. பூவில் மூன்றில் இரண்டு பங்கு தீக்குச்சி முனைபோலக் கருகிவிட்டது. போன வருஷமும் இப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும்.

பாதிக்கப்பட்டவர் என்று இந்த நடுவம் எழுதிக் கொடுத்தால், பின்பனிக்குத் தப்பிப் பூக்கிற புது ஒட்டுக்கன்று நூற்றைம்பது கிடைக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கன்றைவிட, எழுதிக் கொடுப்பார்கள் என்பதுதான் அவனை அதிகம் இழுத்தது. மூன்று வருஷமாக அவன் சொல்வதை யாராவது ஒரு காகிதத்தில் எழுத மாட்டார்களா என்று இருந்தது.

உள்ளே ஏசிக் குளிர் எலும்பில் ஏறியது. ஆய்வு அலுவலர் சத்யப்பிரியா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழனிவேல் பூங்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். மேசை அழுக்காயிற்று.

“என்ன பயிர்?”

“முந்திரிங்க மேடம்.”

“சர்வதேச வர்த்தகத்துல இருக்கா?”

“பண்ருட்டியில எம் மச்சான் ஷெட்டுல போடுறேங்க.”

“அப்ப அது உள்ளூர் முந்திரி. நாங்க கடல் தாண்டுற பயிருக்கு மட்டும்தான் பாதிப்பு பாக்கிறோம். உள்ளூர் முந்திரி கருகினா அது வேற டிபார்ட்மென்ட்.”

“எது கப்பல் ஏறும், எது ஏறாதுன்னு பாத்தா மேடம் பனி பேயுது?”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை, நேரமில்லை. அறுபத்திநாலு கேள்வி உள்ள படிவத்தில் அவள் அப்போதுதான் மூன்றாவதில் இருந்தாள். “உங்க கொட்டை கடல் தாண்டுதுன்னு வியாபாரிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் உங்களுக்குக் காலநிலை பொருந்தும்” என்றாள்.

மச்சான் சிலம்பரசன் புஷ்பவள்ளியின் தம்பி. பண்ருட்டியில் கொட்டை உடைக்கிற ஷெட் வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

“மாமா, ஆப்பிரிக்காவுலேருந்து வர்ற மூட்டையும் ஒம்ம மூட்டையும் ஒரே பாய்லர்லதான் வேவுது. வெந்து, ஒடச்சி, தோலுரிச்சப்பறம் எது எந்தூருக் கொட்டைன்னு அதப் பெத்த மரமே வந்து பாத்தாலும் தெரியாது. கடல் தாண்டுதான்னு கேட்டா, எந்தப் பக்கமா தாண்டுதுன்னு நான் எழுதுறது?”

“எந்தப் பக்கமாச்சும் எழுதுடா.”

சிலம்பரசன் லெட்டர்பேடை எடுத்தான். ‘மேற்படியாரின் கொட்டை, கடல் தாண்டிய கொட்டையுடன் நெருங்கிப் பழகி வருகிறது’ என்று எழுதி ஷெட் முத்திரையைக் குத்திக் கொடுத்தான். நடுவம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்காமல் இருப்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

மாசி பிறந்ததும் ஜீப் வந்தது. சத்யப்பிரியா, ஸ்டோர் கீப்பர் சார்லஸ், போட்டோ எடுக்க ஒருவர், போட்டோ எடுப்பதை வீடியோ எடுக்க ஒருவர். சார்லஸ் ஒரு வெள்ளைப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினான். வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் தானாகவே அளந்து குறித்துக்கொள்ளும் வெளிநாட்டுக் கருவி அது என்றார்கள். கொல்லையின் நடுவில் வைத்து, பக்கத்தில் பழனிவேலையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு எண்பத்திரண்டு மரத்துக்கும் ஆணி அடித்துத் தகரத்தில் நம்பர் மாட்டினார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் புஷ்பவள்ளி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் சார்லஸ் பெட்டியைத் துடைத்துத் திரும்ப ஜீப்பில் ஏற்றினான்.

“சார், பெட்டிய வைக்கலீங்களா?” என்றான் பழனிவேல்.

“எடம் அளந்தாச்சுல்ல? அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்.”

சத்யப்பிரியா ஒரு காகிதத்தை நீட்டினாள். ‘இயல்புநிலை மாதிரித் தோப்பு உறுதிமொழி’ என்று தலைப்பு. நடுவத்தார் வந்து விழுந்த கொட்டைகளை எண்ணி முடிக்கும்வரை மரத்தடியில் சருகு கூட்டக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, விழுந்த ஒரு கொட்டையைக்கூடப் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால் புள்ளிவிவரம் கலைந்துவிடும், பட்டியலிலிருந்து பெயரும் போய்விடும்.

“பொறுக்கக் கூடாதா? எத்தினி நாளைக்கு மேடம்?”

“பங்குனி முதல் வாரமே வந்துடுவோம்.”

முந்திரியை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. கொட்டை முற்றி, பழத்தோடு தானாக விழ வேண்டும். அதற்காகவே மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். விழுந்ததை அன்றன்றைக்கே பொறுக்கி, பழத்தைத் திருகிப் போட்டுவிட்டுக் கொட்டையைக் காயவைக்க வேண்டும். வருஷம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஐம்பது அறுபது நாளுக்காக. பங்குனி முதல் வாரம் என்றால் தொடக்கம்தானே, பெரிதாக ஒன்றும் விழுந்திருக்காது என்று கணக்குப் போட்டுப் பழனிவேல் கையெழுத்திட்டான். புஷ்பவள்ளி மட்டும், “எண்ணுறவங்களுக்கும் பொறுக்குறவங்களுக்கும் எப்பவாச்சும் ஒத்து வருமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பங்குனி முதல் வாரம் யாரும் வரவில்லை. போன் செய்தால், எண்ணுகிற குழுவுக்கு ‘எண்ணுவது எப்படி’ என்ற பயிற்சி நடக்கிறது என்றார்கள். இரண்டாம் வாரம், பயிற்சியின் பயனை மதிப்பிடுகிறார்கள் என்றார்கள். மூன்றாம் வாரத்தில், கருகாமல் தப்பிய அந்த மூன்றில் ஒரு பங்கு முழுசாக விழத் தொடங்கியது. சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் அழுகி, கொல்லை முழுக்கப் புளித்த வாடை. வௌவாலும் அணிலும் உறுதிமொழி எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவை வந்து தின்றுவிட்டுப் போயின.

“ஏங்க, விடியக்காத்தால நான் போயி ரெண்டு கூடை பொறுக்கியாறேன். எவன் வந்து பாக்கப் போறான்?” என்றாள் புஷ்பவள்ளி.

“அந்த வீடியோக்காரன் எல்லாத்தையும் புடிச்சி வச்சிருக்கான். ஒரு கொட்டை கொறஞ்சாலும் தெரியும்னு சொன்னாங்கடி. கன்னு போயிடும்.”

“இருக்குற சோத்தத் தரையில கொட்டிட்டு வராத சோத்துக்கு எல போட்டு உக்காந்திருக்கீங்க.”

பழனிவேல் செருப்பை மாட்டினான். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்குப் போனான்.

நடுவத்தில் சார்லஸ் மட்டும் இருந்தான். அவன் தலைக்கு மேல் பீரோ. பீரோவின் மேல் அந்த வெள்ளைப் பெட்டி. சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று அதில் மினுக் மினுக்கென்று எரிந்தது. நேர் எதிரே ஏசி.

“சார், இது எங்க கொல்லையில இருக்க வேண்டியதில்லையா?” என்று பழனிவேல் எட்டிப் பார்த்தான்.

“தொடாதீங்க, தொடாதீங்க! உங்க கொல்லையத்தான் அளந்துகிட்டு இருக்குது.”

“இங்கருந்தா?”

சார்லஸ் இருப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினான். கருவியின் பெயர், விலை, அதற்கு நேரே சிவப்பு மையில்: ‘வெயில், மழை, தூசி படாத இடத்தில் பாதுகாக்கப்பட வேண்டும். சேதமடைந்தால் ஸ்டோர் கீப்பர் பொறுப்பு.’

“நான் புள்ளகுட்டிக்காரன் சார். போட்டோவுல உங்க கொல்லைதான இருக்குது? மேப்புலயும் உங்க கொல்லைய மார்க் பண்ணியாச்சு. பெட்டி எங்க இருந்தா என்ன? ஆடிட்ல இதத்தான் கேப்பாங்க, உங்க வெயில யாரு கேக்கப் போறா?”

கொட்டை எண்ணுவது பற்றிக் கேட்டதற்கு, குழுவினர் சிதம்பரத்தில் நடக்கப்போகிற பயிலரங்குக்குக் கோப்பு தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பழனிவேலுக்கும் ஒரு அழைப்பிதழ் இருந்தது. ‘களத்தின் குரல்’ என்ற தலைப்பில் அவன் இரண்டு நிமிடம் பேச வேண்டும். அவன் போகாவிட்டால் பட்டியலில் பெயர் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சித்திரை இரண்டாம் வாரம், சிதம்பரத்தில் ஒரு பெரிய ஓட்டல். அதற்கு முன்பே நாலைந்து நாளாகக் கோடை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வடலூர் தாண்டும்போது பஸ் ஜன்னலில் சாரல் அடித்தது. ஒவ்வொரு துளியும் எந்த மரத்தடியில் எந்தக் கொட்டைமேல் விழும் என்று பழனிவேலுக்குத் தெரியும். ஜன்னல் ஷட்டரை இழுத்து மூடினான்.

அரங்கத்தில் முந்நூறு பேர். அண்ணாமலை நகர் விடுதியிலிருந்து மாணவர்களை வேனில் ஏற்றிவந்து பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். எல்லாரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு புவி வெப்பமாவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்கு ஒரு தட்டு வறுத்த முந்திரி. பழனிவேல் ஒன்றை எடுத்துக் கடித்தான். ருசி பிடிபடவில்லை, உள்ளூர்ப் பருப்பின் இனிப்பு அதில் இல்லை. மிச்சத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

நடுவத்தின் இயக்குநர் முனைவர் ராமாமிர்தம் பேச எழுந்தார். அவருடைய பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

“நண்பர்களே, காலநிலை மாற்றத்தைச் சிலர் ஆபத்து என்கிறார்கள். நான் அதை நன்றியோடு பார்க்கிறேன். எட்டு வருடம் முன்பு நான் ஒற்றை மேசையில் உட்கார்ந்திருந்தேன். இன்று இரண்டு மாடி, ஆறு வாகனம். காலநிலை நிலையாக இருந்திருந்தால் நாம் இன்று இங்கே சந்தித்திருக்க முடியுமா? ஆகவே அவசரப்பட்டு எந்தத் தீர்வுக்கும் போய்விடக் கூடாது. முதலில் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டதை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். விவசாயிகள் பூ கருகியது என்கிறார்கள். அது அனுபவம். அனுபவத்துக்கு அலகு கிடையாது. நமக்கு வேண்டியது தரவு.”

கைதட்டல். திரையில் ஒரு வரைபடம் விழுந்தது. மேலே ‘மாதிரித் தோப்பு 7: பழனிவேல், பண்ருட்டி வட்டாரம்’ என்று எழுதியிருந்தது. தன் பெயரை அவ்வளவு பெரிதாக அவன் பார்த்ததே இல்லை. கீழே நேராக ஒரு கோடு ஓடியது.

“பாருங்கள். மாசி முதல் சித்திரை வரை, தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்த வெப்பநிலை. பதினெட்டு டிகிரி. மறுநாள் பதினெட்டு. அதற்கடுத்த நாளும் பதினெட்டு! ஊட்டிக்குக்கூட இந்தப் பாக்கியம் இல்லை. மழை, அறவே இல்லை. பங்குனியில் ஒரே ஒரு நாள் மூன்று மில்லிமீட்டர்.” அது ஏசியில் தண்ணீர் ஒழுகிய நாள்.

முன்வரிசையில் ஒரு பேராசிரியர் கை தூக்கினார். “ஏழு நாளைக்கு ஒரு முறை முப்பத்துமூன்றுக்கு ஏறி இறங்குகிறதே?”

“நல்ல கேள்வி. இதற்காகவே தனி உபகுழு அமைத்தோம். ஏறுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அன்று கிராமம் முழுவதும் கறிக்குழம்பு கொதிக்கிறது. எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரிவதால் உண்டாகும் வெப்பம் இது. சித்திரை ஒன்றாம் தேதியும் ஏறியிருக்கிறது, வடை சுட்டிருக்கிறார்கள். ஆக, இந்தத் தோப்பில் காலநிலை மாறவில்லை. மாறுவது உணவுப் பழக்கம்தான்.”

பேராசிரியர் திருப்தியோடு குறித்துக்கொண்டார். ஏழாம் மாதிரித் தோப்பை ‘காலநிலைத் தாங்குதிறன் முன்மாதிரி’ என்று அறிவித்து, பழனிவேலை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அந்தக் குளிருக்கு அது ஒன்றுதான் அன்றைக்கு உபயோகமாக இருந்தது. பிறகு மைக்கைக் கொடுத்தார்கள்.

“ஐயா,” என்றான் பழனிவேல். “ஞாயித்துக்கிழம எங்கூர்ல கறிக்கொழம்பு கொதிக்கிறது நெசந்தான். ஆனா அன்னைக்கு உங்க ஆபீஸ் லீவு. ஏசி ஓடாது. அந்தப் பெட்டி சார்லஸ் சார் பீரோ மேல இருக்குது. நீங்க அளந்தது எங் கொல்லைய இல்ல, உங்க ரூம. எங் கொல்லையில இப்ப மழ பேயுது. வெளிய வந்து பாருங்க, இங்கயும் பேயுது.”

பின்வரிசை மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராமாமிர்தம் மட்டும் முகம் மாறாமல் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“களத்தின் குரலுக்கு நன்றி. பெட்டி இருந்த இடம் நிர்வாக விஷயம், தரவு என்பது அறிவியல் விஷயம். இரண்டையும் குழப்பக் கூடாது. அவருடைய கருத்தைப் பின்னூட்டப் படிவத்தில் எழுதித் தரலாம். அறிக்கை ஏற்கனவே அச்சாகிவிட்டது.”

சாப்பாட்டுக்கு நிற்காமல் பழனிவேல் பஸ் ஏறினான். சால்வையோடு நேராகக் கொல்லைக்குப் போனான். புஷ்பவள்ளி வரப்பில் நின்றிருந்தாள். ஒரு கொட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஓடு வெடித்து, வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது.

“இன்னும் எதுக்குங்க தொடாம வச்சிருக்கணும்?” என்றாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முளைத்த கொட்டையைச் சிலம்பரசன் வாங்க மாட்டான், யாருமே வாங்க மாட்டார்கள். இனி அவனிடம் மிஞ்சியது பட்டியலில் இருக்கிற அந்தப் பெயர் ஒன்றுதான். எண்ண வருகிறவர்கள் இந்தக் கோலத்தை ஒரு முறை கண்ணால் பார்த்தாலாவது எழுதமாட்டார்களா? அதையும் பார்த்துவிடுவோம் என்று வீம்பாக அப்படியே விட்டான்.

வைகாசி நடுவில் ஜீப் வந்தது. சாண் உயரத்துக்கு நாற்று, மரத்தடிக்கு மரத்தடி கீரைப் பாத்திபோல நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சத்யப்பிரியாவும் பதிவேட்டோடு சார்லஸும் இறங்கினார்கள். பிறகு குழு எண்ணியது. மத்தியானம்வரை எண்ணினார்கள், அவர்கள் வாங்கிய பயிற்சி வீண்போகவில்லை.

“கொட்டை, இல்லை. நாற்று, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. இயற்கை மறுவளர்ச்சி, மிகச் சிறப்பு” என்று படித்துக்கொண்டே எழுதினாள். “சார், தோப்பு தானாவே புதுக் கன்னு உண்டாக்கிக்குது. அதனால ஒட்டுக்கன்னு பட்டியல்லேருந்து உங்க பேர எடுக்க வேண்டியிருக்கு.”

பழனிவேல் குறுக்கே வந்து நின்றான். “மேடம், இது மறுவளர்ச்சி இல்ல. பொறுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதால நாங்க பொறுக்காம வுட்ட சோறு. ஒரு மரத்தடியில அம்பது கன்னு மொளச்சா அதுக்குப் பேரு கொல்லையா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்குப் புரியுதுங்க. பெட்டிய பத்தியும் நான் நோட் போட்டேன். என்னைய ‘எண்ணுற வேலைய மட்டும் பாருங்க’ன்னுட்டாங்க. பொறுக்காம விட்டதுன்னு எழுத இந்தப் படிவத்துல எடமே இல்ல.” பிறகு கோப்பை மூடி, அலுவலகக் குரலுக்குத் திரும்பினாள். “கணக்கெடுப்பு முடிஞ்சுது. இனிமே நீங்க தாராளமா கொட்டை பொறுக்கிக்கலாம்.”

புஷ்பவள்ளி குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள். வெடித்த கொட்டை இன்னும் அதன் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்யப்பிரியாவின் கையில் கொடுத்தாள்.

“இந்தாம்மா. கொண்டுபோயி அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல நடுங்க. எங்க கொல்ல அங்கதான இருக்குது.”

சத்யப்பிரியா அதை வாங்கிக்கொண்டாள். ‘நாற்று ஒன்று வரவு’ என்று சார்லஸ் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினான். பழனிவேல் பேனாவை வாங்கவில்லை. மிச்சம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் மரத்தடியில் நாற்றுப் பிடுங்கக் குனிந்தான்.